ஹேண்டில் உதறும் பழைய புல்லட்: எங்கே தொடங்கிப் பார்ப்பது?

பெரியப்பாவின் 1981 மாடல் புல்லட் வலங்கைமானில் மாட்டுக்கொட்டகை ஓரமாக ஒன்பது வருடம் நின்றது. அதைக் கிளப்பிக் கும்பகோணத்துக்கு ஓட்டி வந்த அன்றைக்கே ஹேண்டில் உதறியது. நாற்பதைத் தொட்டால் டகடகவென்று ஆடும், ஐம்பது தாண்டினால் அடங்கிவிடும். அப்புறம் ஒருநாள் தஞ்சாவூர்–திருச்சி நாலுவழிச் சாலையில் எழுபத்தைந்தில் போனபோது பின்பக்கம் மட்டும் தனியாக, வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி மாதிரி அலைந்தது. இறங்கி நின்றபோது கால் நடுங்கியது.

முதல் மெக்கானிக் ஹேண்டில் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குள் இருக்கும் கிண்ணங்களும் குண்டுகளும்) மாற்றினார். ஆட்டம் போகவில்லை. இரண்டாமவர் அதே கோன் செட்டைக் கழற்றிவிட்டு இன்னொன்று போட்டு, இறுக்கியும் வைத்தார். இப்போது பத்து கிலோமீட்டர் வேகத்தில்கூட வண்டி நேராகப் போகவில்லை. மூன்றாமவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பழைய வண்டின்னா இப்படித்தான் சார் இருக்கும்” என்றார். ஐந்து மாதமும் பதினோராயிரம் ரூபாயும் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. உதறல் தெரிவது ஹேண்டிலில், ஆனால் கோளாறு அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் வண்டியில் ஒன்றல்ல, பல கோளாறுகள் இருந்தன. அதில் ஒன்று நான் காசு கொடுத்து வாங்கியது.

கீழே உள்ள வரிசை, காசு செலவில்லாததில் தொடங்கிச் செலவு கூடிக்கொண்டே போகும் வரிசை. புல்லட்டை வைத்துத்தான் சொல்கிறேன். யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வண்டியை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் 9-ஐப் படித்துவிட்டு வாருங்கள்.

1. எப்போது ஆடுகிறது என்று எழுதுங்கள்

“ஹேண்டில் ஆடுது” என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் ஹேண்டிலைத்தான் கழற்றுவார். ஒரு தாளில் எந்த வேகம், கை எப்படி இருந்தது, பிரேக் பிடித்தபோதா, பின்னால் ஆள் இருந்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முப்பதிலிருந்து ஐம்பதுக்குள், கைப்பிடியைத் தளர்த்தினால் ஹேண்டில் வேகமாகப் படபடப்பது ஒரு வகை. அது பெரும்பாலும் முன் டயர், முன் ரிம் கோளாறு, அல்லது ஹேண்டில் தலை (கோன் செட் உட்காரும் கழுத்து) தளர்ந்திருப்பது. எழுபதுக்கு மேல் முழு வண்டியும் மெதுவாக இடமும் வலமுமாக நெளிவது வேறு வகை. அதற்குப் பின் டயர், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) மூட்டில் இருக்கும் புஷ் என்ற உலோக வளையம், இஞ்சின் போல்ட், பின்னால் ஏற்றிய சுமை இவற்றைப் பார்க்க வேண்டும். மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில் போகும்போது வண்டி குடித்தவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனால் ஹேண்டில் இறுக்கம். பிரேக் பிடித்தால் முன்னால் ‘டொக்’ என்றால் ஹேண்டில் தளர்ச்சி. எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் சக்கரங்கள் ஒரே நேரில் இல்லை, அல்லது ஏதோ வளைந்திருக்கிறது.

ஓட்டிப் பார்க்க ஆள் நடமாட்டமில்லாத, நேரான ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலை போதும். ஒவ்வொரு முறையும் அதே சாலை. ஆற்றங்கரைச் சாலையும் வாய்க்கால் கரைச் சாலையும் வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் தடுப்பே இருக்காது. தை, மாசியில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் டிராக்டர் கொண்டுவந்து போட்ட சேற்றுக்கட்டி கிடக்கும். அதன்மேல் ஏறினால் புது வண்டியே ஆடும்.

ஓடும்போது உதறல் பிடித்துக்கொண்டால் முன் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்கவும் கூடாது. முட்டியால் டேங்க்கைக் கவ்வி, உடம்பைச் சற்று முன்னுக்குச் சாய்த்து, ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள்.

2. காற்றும் டயரும்

காற்று காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். என் வண்டிக் கையேட்டில் தனியாகப் போக முன்னால் 18, பின்னால் 28 பி.எஸ்.ஐ. பங்கில் பையன் கேட்காமலேயே இரண்டுக்கும் முப்பத்தைந்து அடித்துவிடுவான். முன் டயர் கல் மாதிரி ஆகிவிடும். பக்கத்திலேயே நின்று எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது டயரின் வயசு. பக்கவாட்டில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2311 என்றால் 2011-இன் 23-ஆவது வாரம். என் முன் டயரில் அப்படித்தான் போட்டிருந்தது. டயர் கட்டை (தரையில் படும் வரிகள்) நன்றாகத்தான் இருந்தது, அதனால்தான் மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை. உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி தடுத்தால் டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கிறது. நடுவில் தட்டையாகித் தோளில் முனை விழுந்திருந்தாலும் வண்டி அலையும்.

இங்கே ஒரு பொறி உண்டு. பார்க்கக் கெத்தாக இருக்கும் என்று பின்னால் அகல டயர் போடச் சொல்வார்கள். என் வண்டிக்கு முன்னும் பின்னும் 3.25–19தான். ரிம்முக்குப் பொருந்தாத அகலத்தில் போட்டால் டயரின் உருவமே மாறிப்போய், வளைவில் வண்டி தானாக நிமிரப் பார்க்கும்.

3. ரிம், கம்பி, பேரிங்

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டின் மேல் கட்டை படக்கூடாது. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் காலில் ஒரு கம்பியைச் சுற்றி, அதன் முனை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கோட்டம் கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டிலும் பாருங்கள், மேல் கீழாகவும் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் கோட்டம் எடுக்க வேண்டும். என்னுடையது ஐந்து மில்லிமீட்டர்.

ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் சிறு ஸ்பேனரால் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் சரி, ‘டொப்’ என்றால் தளர்ந்திருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டி என்றால் நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) ஓரத் துருவை உற்றுப் பாருங்கள், உப்புக்காற்று முதலில் அங்கேதான் தின்னும். துருப்பிடித்த நிப்பிளைத் திருகினால் கம்பி முறிந்து கையோடு வரும். அப்போது மொத்தக் கம்பியையும் மாற்றுவதே நல்லது.

கோட்டம் எடுக்கப் பைக் ஷோரூம் வேண்டாம். பழைய சைக்கிள் கடைக்காரர்களில் கை தேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு பெரியவர்தான் ஒரே மாலையில் செய்து கொடுத்தார்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும். நடவு காலத்தில் தண்ணீர் நிற்கும் பாதையில் அடிக்கடி இறங்கிய வண்டிக்கு இதை விட்டுவிடாதீர்கள்.

4. ஹேண்டில் தலை

இப்போதுதான் ஹேண்டிலுக்கு வருகிறோம். மெக்கானிக்குகள் தொடங்கும் இடம் இது, நாம் நான்காவதாக வருகிறோம்.

புல்லட்டில் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவில் தனித்தனிக் குண்டுகள். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது இரண்டு ஃபோர்க் கால்களின் அடியையும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுங்கள். இன்னொருவர் ஹேண்டில் தலைக்கும் ஃபிரேமுக்கும் இடையே விரலை வைத்துப் பார்க்கட்டும். விரலில் சிறு அசைவு பட்டாலே தளர்ச்சி. ஃபோர்க்குக்கு உள்ளே இருக்கும் ஆட்டத்தை ஹேண்டில் ஆட்டம் என்று ஏமாறாமல் இருக்கத்தான் விரல். அதைத் தவிர்த்தால் தவறான இடத்தில் பணம் போகும்.

அடுத்தது இறுக்கம். ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் திருகு இருந்தால் அதை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். சிலர் உதறலை மறைக்கவே அதை இறுக்கி வைத்து விற்பார்கள், வாங்கும்போது முதலில் அதைத் திருகிப் பாருங்கள். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு விரலால் மெல்லத் தள்ளினால், தன் பாரத்தில் தானாகவே அந்தப் பக்கக் கடைசிவரை விழ வேண்டும். இரண்டு பக்கமும் அப்படி. பாதியில் நின்றால் இறுக்கம், இல்லையென்றால் கேபிளோ வயரோ இழுத்துப் பிடிக்கிறது. என் வண்டியில் இரண்டாவது மெக்கானிக் செய்துவைத்த இறுக்கத்தில் ஹேண்டில் விழவே இல்லை, வைத்த இடத்தில் நின்றது. அந்தப் பத்து கிலோமீட்டர் தள்ளாட்டத்துக்கு அதுதான் காரணம். தளர்த்தச் செலவு ஏதுமில்லை, பத்து நிமிடம்.

மூன்றாவது, பள்ளம். ஹேண்டிலை மிக மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பும்போது நேர் நடுவில் ‘டக்’ என்று ஒரு குழியில் உட்கார்வது போல் இருந்தால் கிண்ணங்களில் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. ஒரே நிலையில் பல வருடம் நின்ற வண்டியிலும், குழிச்சாலையில் அடிவாங்கிய வண்டியிலும் இது சகஜம். இதைச் சரி செய்ய முடியாது. கோன் செட் மாற்ற வேண்டும்.

மாற்றுவதென்றால் நான் பட்டதைச் சொல்கிறேன். புதுக் குண்டுகளைப் பழைய கிண்ணத்தில் போடச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். மேல், கீழ் இரண்டையும் முழுதாக மாற்றுங்கள். கழற்றும்போது வண்டிக்கு அடியில் ஒரு பழைய வேட்டியை விரியுங்கள். குண்டுகள் பொலபொலவென்று கொட்டும், ஒன்று உருண்டு சாக்கடையில் விழுந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள். புதுக் கிண்ணத்தை அடிக்கும்போது நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். முழுக்க உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், கட்டையாக இருந்தது கணீரென்று கேட்கும். கோணலாக உட்கார்ந்த கிண்ணம் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். இருநூறு கிலோமீட்டர் போனதும் தளர்ந்துவிடும், நாம் “செட்டே டூப்ளிகேட்” என்று கடைக்காரரைத் திட்டுவோம். என்னுடைய முதல் செட்டுக்கு நடந்தது அதுதான்.

தண்ணீர் தாங்கும் கிரீஸ் தாராளமாக வையுங்கள், கீழ்க் கிண்ணத்துக்கு இன்னும் தாராளமாக. முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகும். இறுக்கும் முன் மேல் நட்டைக் கவ்வியிருக்கும் சிறு போல்ட்டைத் தளர்த்த மறக்காதீர்கள். ஆட்டம் போகும் வரை இறுக்கி, உடனே மேலே சொன்ன விரல் சோதனையில் ஹேண்டில் தானாக விழுகிறதா என்று பாருங்கள். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

5. ஃபோர்க்

நேர் முன்னால் சில அடி தள்ளி உட்கார்ந்து இரண்டு கால்களும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள், வளைந்திருந்தால் அடியில் இடைவெளி விழுந்து ஒளி தெரியும். வளைந்த ஃபோர்க்கை லேசாகத்தான் நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆயில் இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் சீல் ஒழுகிக் காலியாகியிருக்கும்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஒரு சின்ன விஷயம். ஃபோர்க் கால்களின் அடியில் ஆக்சிலைப் பிடிக்கும் மூடிகளின் நட்டுகளை இறுக்கும் முன் வண்டியைக் கீழே இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள். கால்கள் தம் இடத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்கினால் ஃபோர்க் முறுக்கிக்கொள்ளாது.

6. ஸ்விங் ஆர்மும் இஞ்சின் போல்ட்டும்

எழுபத்தைந்தில் என் வண்டியை நெளிய வைத்தது ஸ்விங் ஆர்ம் புஷ். ஒருவர் ஃபிரேமைப் பிடித்துக்கொள்ள, பின் சக்கரத்தை முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் சக்கர பேரிங்கிலா, ஸ்விங் ஆர்ம் மூட்டிலா என்று மறுபடி விரல் வைத்துப் பாருங்கள். மூட்டில் சிறிது அசைவு இருந்தாலே பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

கடையில் கிடைத்த புஷ் எனக்குப் பொருந்தவில்லை. லேத் பட்டறையில் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) கடைந்து கொடுத்தார்கள். புஷ்ஷை மட்டும் எடுத்துப் போகாமல் ஷாஃப்ட்டையும் கொண்டுபோங்கள். ஷாஃப்ட்டே தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் புதுப் புஷ் ஒரு மாதம்கூடத் தாங்காது.

புல்லட்காரர்களுக்கு இன்னொன்று. இந்த வண்டியில் இஞ்சினே ஃபிரேமின் ஒரு பகுதி. முன்னாலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் இஞ்சினில்தான் போய்ச் சேர்கிறது, அதற்கடியில் தனிக் குழாய் கிடையாது. இஞ்சின் போல்ட் தளர்ந்தால் ஃபிரேமே தளர்ந்த கணக்கு. என் வண்டியில் இரண்டு நட்டுகளைக் கையாலேயே திருக முடிந்தது!

7. நூல் பிடிப்பது

கொத்தனார் நூல் ஒன்று போதும். வண்டியை நேராக நிறுத்தி, பின் டயரின் பின்பக்கமாக நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுபோங்கள். உயரம், ஸ்டாண்டும் சைலன்சரும் இடிக்காத உயரம். நூல் பின் டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொட வேண்டும். அப்படி இழுத்துப் பிடித்தால், ஒரே அகல டயர் உள்ள வண்டியில் முன் டயரையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொடும். ஒரு பக்கம் இடைவெளி இருந்தால் பின் சக்கரம் திரும்பியிருக்கிறது. செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் அடையாளங்களை நம்பாதீர்கள், நாற்பது வருடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது.

எத்தனை திருத்தினாலும் முன் சக்கரம் நூலுக்கு வெளியே நின்றால் ஃபிரேமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது. அது பெண்ட் எடுக்கும் பட்டறை வேலை. வீட்டில் செய்யாதீர்கள்.

8. சுமை, செலவு, நாள்

பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் பாரம் முன் சக்கரத்தைத் தூக்கும். இரண்டு பால்கேன், இல்லை கேரியரில் ஒரு யூரியா மூட்டை போதும், நல்ல வண்டியும் ஆடும். சோதனை ஓட்டத்தில் எதுவும் வேண்டாம், பெரிய கண்ணாடி விண்ட்ஷீல்டைக்கூடக் கழற்றிவிடுங்கள்.

எனக்கு ஆன செலவில் தேவையானது மட்டும்: முன் டயரும் டியூபும் 2,400, கோட்டம் எடுக்க 300, புஷ் கடைசலும் பொருத்தலும் 1,500, ஃபோர்க் சீலும் ஆயிலும் 650. மொத்தம் ஐயாயிரத்துக்குள். மீதி ஆறாயிரமும் இரண்டு கோன் செட்டிலும் கூலியிலும், தேவையில்லாமல் மாற்றிய ஷாக் அப்சரிலும் போனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பார்த்திருந்தால் அது மிஞ்சியிருக்கும்.

உள்ளூரில் கிடைக்காத சாமானுக்குச் சென்னை ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் உண்டு. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், வாட்ஸப் படத்தை நம்பி அனுப்பினால் அளவு மாறும். வேலைக்குச் சித்திரை, வைகாசி நல்லது. பொங்கலுக்கு முன் எந்தப் பட்டறையிலும் இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த பேரிங்கில் ஈரம் இறங்கும்.

9. காகிதங்கள்

பதிவுச் சான்று 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். காலாவதியான பிறகு போனால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல். பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று எல்லாம் இதற்கு மேல். வண்டியை ஆய்வாளர் பார்ப்பார் என்பதால் ஹேண்டில் வேலையை முடித்துவிட்டு நாள் வாங்குங்கள். கும்பகோணத்துப் பதிவு டி.என். 68, தஞ்சாவூர் 49, திருவாரூர் 50. வேறு மாவட்டத்து வண்டி என்றால் பெயர் மாற்றத்தோடு முகவரி மாற்றத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவு எடுத்தால் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்கு இது ஆகாது.

சேசிஸ் எண் ஃபிரேமில் வெட்டப்பட்டிருக்கும் இடத்தை வேலை தொடங்கும் முன்பே தேடிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் கழுத்துப் பக்கம் வெல்டிங், கிரைண்டிங், பவுடர் கோட்டிங் என்று எது செய்தாலும் அந்த எண்ணின் மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். எனக்குப் பெயிண்டர் அதன்மேல் பட்டி பூசிவிட்டார். ஆய்வு நாளன்று அலுவலக வாசலில் உட்கார்ந்து தின்னர் வாங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.